முதலில் பொடி, பிறகுதான் பாத்திரம்

தங்கச்சி, வீட்டிலேயே நல்ல காபி குடிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலரும் முதலில் விலை விசாரிப்பது கருவியைத்தான். அக்கா சொல்வதைக் கேள்: காசைப் பொடியில் போடு. புதிதாக வறுத்து அரைத்த பொடி கையில் இருந்தால் சாதாரண எவர்சில்வர் ஃபில்டரே அருமையான காபி தரும். பழைய பொடியை எந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

1. கொட்டையைக் கேட்டு வாங்கு

அரபிகாவில் மணம் அதிகம், லேசான புளிப்பும் இருக்கும். ரோபஸ்டா கசப்பும் அடர்த்தியும் தரும்; அதில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைப் பலகையில் இருக்கும் ‘பிளான்டேஷன் ஏ’ என்பது, பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அரபிகாவில் பெரிய அளவுக் கொட்டை. ‘பீபெரி’ என்பது, பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைந்தது. முதல் தடவை இரண்டையும் பாதிக்குப் பாதி வாங்கு. பால் அதிகம் ஊற்றிக் குடிக்கிற வீடு என்றால் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கச் சொல். பாலில் சுவை அமுங்காது. சிக்மகளூர், குடகு மட்டுமல்ல, நம் ஏற்காடு, தாண்டிக்குடிக் கொட்டையும் கிடைத்தால் வாங்கிப் பார்.

2. சிக்கரி எவ்வளவு?

சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்க்கிறார்கள். காஃபீன் கிடையாது, நிறமும் கெட்டித்தன்மையும் தரும். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது, பாக்கெட்டில் கிட்டத்தட்ட பாதி சிக்கரியாக இருந்தாலும் சட்டப்படி சரிதான். அதனால் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கு. 80:20 நல்ல தொடக்கம். 60:40-க்குக் கீழே போகாதே. காபியின் மணம் காணாமல் போய்விடும்.

3. கொஞ்சமாக வாங்கு, மூடி வை

அரைத்த பொடி நாளுக்கு நாள் மணம் இழக்கும். 100 அல்லது 200 கிராம், இரண்டு வாரத்துக்குள் தீர்கிற அளவு போதும். காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வை. ஈரக் கரண்டி போடாதே. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் புழங்கினால் பொடி ஈரம் கோக்கும்.

4. எப்படிக் குடிக்கிறாய் என்று பார்த்துக் கருவி வாங்கு

*பால் காபி, இரண்டு மூன்று பேர்:* ஃபில்டரை மிஞ்ச ஒன்றும் இல்லை. இரவே டிக்காஷன் இறக்கி வைத்தால் காலையில் பால் காய்ச்சுகிற வேலை மட்டும்தான்.

*தனியாள், காலையில் பத்து நிமிஷம்தான்:* மோகா பாட். 1933-இல் இத்தாலியில் வந்தது. நீராவி அழுத்தத்தில் தண்ணீர் பொடி வழியே மேலே ஏறும். தண்ணீர் வால்வுக்குக் கீழேயே நிற்கட்டும். பொடியை அமுக்காதே. சின்னத் தீயில் வைத்து, கொர்ரென்று சத்தம் கேட்டதும் இறக்கு. சிக்கரி கலக்காத பொடி போடு.

*பால் இல்லாமல்:* ஃபிரெஞ்சு பிரஸ். ரவை பதத்துக்கு அரைத்த, சிக்கரி இல்லாத பொடி 15 கிராம், வெந்நீர் 250 மில்லி, நான்கு நிமிஷம். தெளிவான காபி பிடித்தால் காகித ஃபில்டர்; 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி காப்புரிமை பெற்ற முறை. கொலஸ்ட்ரால் இருப்பவர்களுக்கு இதுவே நல்லது, அதைக் கூட்டுகிற எண்ணெய்ப் பொருளைக் காகிதம் பிடித்துக்கொள்ளும்.

எஸ்பிரெஸோ மெஷினுக்கு அவசரப்படாதே. அதற்கு மிக நைஸான, அப்போதே அரைத்த பொடி வேண்டும். மெஷினோடு தனியாக ஒரு நல்ல கிரைண்டரும் வாங்க வேண்டியிருக்கும்.

5. ஃபில்டரில் கள்ளிச்சொட்டாக டிக்காஷன்

மேல் பாத்திரம் ஈரமில்லாமல் இருக்கட்டும். குவியலாக மூன்று மேசைக்கரண்டி பொடி போட்டு, அழுத்தும் தட்டால் லேசாகச் சமப்படுத்து. ரொம்ப அழுத்தினால் இறங்காது. அப்படியே விட்டால் தண்ணீர் ஓடிவிடும், சாரம் இறங்காது. தண்ணீர் கொதித்ததும் இறக்கி அரை நிமிஷம் ஆறவிடு. முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் சுற்றி ஊற்று. புதுப்பொடி என்றால் நுரைத்துப் பொங்கும். பிறகு மீதியை ஊற்று. எல்லாம் சேர்ந்து 150 மில்லி போதும். மூடிவிட்டுத் தட்டாமல், ஆட்டாமல் விட்டுவிடு. இருபது நிமிஷம் முதல் அரை மணிக்குள் இறங்கும். இறங்கவே இல்லை என்றால் பொடி அதிக நைஸ், அல்லது சிக்கரி அதிகம், அல்லது துளை அடைத்திருக்கிறது. எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தை மட்டும் தீயில் காட்டினால் அடைப்பு எரிந்து போகும், ஆறியதும் கழுவு.

அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாவது டிக்காஷனைத் தனியாக வை. முதல் டிக்காஷனில் கலந்து அதைக் கெடுக்காதே. ஆறின டிக்காஷனை அடுப்பில் கொதிக்க வைக்கவும் கூடாது, கசந்துவிடும். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கு.

6. பாலைக் கவனி

தண்ணீர் கலக்காத, அப்போதுதான் காய்ச்சிய பால். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் காய்ந்த வாடை ஏறி, காபி மணத்தை மூடிவிடும். ஒரு பங்கு டிக்காஷனுக்கு மூன்று பங்கு பால் என்று தொடங்கி உன் நாக்குக்கு ஏற்ப மாற்று. டபராவில் ஓரிரு முறை ஆற்று. நுரை வரும், ஆனால் சூடு போய்விடக் கூடாது.

7. உடம்பையும் பார்த்துக்கொள்

சாப்பாட்டோடு காபி குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளைக்குக் காஃபீன் 200 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும், டாக்டரிடமும் கேட்டுக்கொள். காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால், தூக்கம் வராதவர்கள் நாலு மணிக் காபியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்த வாரம் இதை மட்டும் செய்: 80:20-இல் நூறு கிராம், சிக்கரியே இல்லாமல் நூறு கிராம் வாங்கு. ஒவ்வொன்றையும் சில நாள் குடித்துப் பார்த்து, பிடித்த அளவை டப்பா மேல் எழுதி ஒட்டு. அடுத்த முறை கடையில் அதையே கேள். கருவியை அதன் பிறகு யோசிக்கலாம்.