முதுகு வலி: காரணங்களும் நீடிக்கும் காலமும்

பொழுது புலருமுன் பிரட்டுக்குச் சென்று, நிரையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பிற்பகலில் பால் வாளி சுமந்து திரும்பும் தொழிலாளர்களுள் முதுகு வலியை அறியாதவர் அரியர். இது தோட்டத்திற்கு மட்டும் உரிய நோயன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் பேர் கீழ்முதுகு வலியால் துன்புற்றனர்.

இவ்வலியைப் பற்றி நம்மிடையே இரு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. 'எலும்பு தேய்ந்துவிட்டது; இனி உளி பிடிக்க இயலாது' என்பது ஒன்று. 'வலி முற்றும் தீரும் வரை படுத்தே கிடக்க வேண்டும்' என்பது மற்றொன்று. அன்றாட உழைப்பை நம்பி வாழும் குடும்பத்திற்கு இவ்விரண்டுமே கேடு விளைவிப்பவை. ஆகவே, இவ்வலி எதனால் வருகிறது, எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ளல் நலம்.

முதுகின் அமைப்பு

நம் முதுகெலும்பு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சிறு எலும்புகளால் ஆனது. அவற்றுள் கீழ்முதுகில் உள்ள ஐந்து எலும்புகளே உடற்சுமையில் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. தசைகளும் தசைநார்களும் இவற்றை இறுகப் பிணைத்து நிறுத்துகின்றன.

பத்துப் பேருக்கு முதுகு வலி வந்தால், ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன வட்டு என்று சுட்டத்தக்க தனிக்காரணம் இராது. தசையும் மூட்டும் தாங்கும் அளவை மீறி உழைத்ததே பெரும்பாலும் காரணமாகும். படம் எடுத்துப் பார்த்தால் தேய்மானம் தெரியலாம். ஆனால் அதுவே வலிக்குக் காரணம் என்று கொள்ளுதல் கூடாது. முதுகு வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 20 வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும் 80 வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் வட்டுத் தேய்மானம் காணப்பட்டது. தலை நரைப்பது போல் இதுவும் வயதின் அடையாளமே.

பால்வெட்டும் முதுகும்

ஒட்டுக்கட்டிய மரத்தில் முதல் வெட்டு ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும். சீவச் சீவ வெட்டு கீழிறங்கும். மரத்தின் அடிப்பகுதியை நெருங்கும் ஆண்டுகளில் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து எழ வேண்டியதாகிறது. இடுப்பை வளைத்துக்கொண்டே உடலைத் திருப்புவதும் இதனுடன் சேர்கிறது.

குனிவதனால் சுமை எவ்வாறு கூடுகிறது என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர் நாக்கம்சன் 1960களில் அளந்து காட்டினார். நேராக நிற்கும்பொழுது வட்டின்மேல் விழும் அழுத்தத்தை 100 எனக் கொண்டால், முன்குனிந்து நிற்கும்பொழுது அது 150 ஆகும். கையில் சுமையோடு குனிந்தால் 220 ஆகும். 15 லிட்டர் பால் நிறைந்த வாளி ஏறத்தாழ 15 கிலோ எடை இருக்கும். அதனை உடலைவிட்டு எட்டப் பிடித்துத் தூக்கும்பொழுது முதுகு படும் பாட்டை இதனால் உணரலாம்.

எத்தனை நாள் நீடிக்கும்?

பெரும்பாலோருக்கு முதல் சில நாள்களில் வலி கடுமையாக இருந்து, பின்னர் படிப்படியாகத் தணியும். ஆறு வாரத்திற்குள் பலர் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவர். பன்னிரண்டு வாரத்திற்கு மேலும் நீடித்தால் அதனை நாட்பட்ட வலி என்பர். ஒருமுறை வந்த வலி ஓராண்டிற்குள் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. அதனால் முதுகு பழுதாகிவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. அச்சமும் கவலையும் தூக்கமின்மையும் வலியை நீடிக்கச் செய்யும் என்பதை மட்டும் மறத்தல் கூடாது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியரிடையே நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. புதிதாக முதுகு வலி கண்டவர்களுள் ஒரு பகுதியினர் இரண்டு நாள் படுத்திருந்தனர்; ஒரு பகுதியினர் முதுகுப் பயிற்சி செய்தனர்; எஞ்சியோர் வலி இடங்கொடுத்த அளவிற்கு அன்றாட வேலைகளைச் செய்துவந்தனர். இவர்களுள் விரைந்து தேறியவர்கள் மூன்றாம் பகுதியினரே. ஆதலின், வலி கடுமையாக உள்ள முதல் ஓரிரு நாள் சற்று ஓய்வு கொள்ளலாம். பின்னர் எழுந்து நடமாடுதல் வேண்டும். நடமாடுதல் என்றவுடன் நிறைவாளியைத் தூக்குதல் என்று பொருள் கொள்ளற்க. சிறுகச் சிறுகத் தொடங்கி வேலையைக் கூட்டுவதே முறை. சில நாள்களுக்கு இலகுவான வேலை தருமாறு மேற்பார்வையாளரைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

தாழ்ந்த வெட்டில் இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலை மடக்குக. உடலைத் திருகாமல் காலை நகர்த்தி மரத்தைச் சுற்றி வருக. ஒரு கையில் ஒரு நிறைவாளியைத் தூக்குவதைவிட, இரு வாளிகளில் பாதி பாதியாகப் பகிர்ந்து சுமப்பது நன்று. வாளியை உடலோடு ஒட்டியே தூக்குக. பாரமானவற்றை இருவராகத் தூக்குக.

குணமடைந்த பின் நடைப்பயிற்சி பெருந்துணை செய்யும். ஆஸ்திரேலியாவில் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், முறையாக நடைபயின்றவர்களுக்கு வலி மீண்டும் வர நடுநிலைக் கணக்கில் 208 நாள்களாயின. பயிலாதவர்களுக்கு 112 நாள்களிலேயே வந்தது. வேலையில் நடப்பது போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். அது குனிந்தும் சுமந்தும் நடப்பது. சுமையின்றி நிமிர்ந்து கைவீசி நடப்பது வேறு.

பெயரற்ற மாத்திரைகளையும், 'ஒரே நாளில் குணம்' எனக் கூறி விற்கும் பொடிகளையும் வாங்குதல் ஆகாது. அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து மறைவாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்துள்ளது. 'மால்' என்று தொடங்கும் பதிவெண் உள்ளதா என்று பார்த்து வாங்குக.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் கட்டுதல் அல்லது தன்னையறியாது போதல், தொடையிடுக்கும் ஆசனப் பகுதியும் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவிலும் ஓயாத வலி, விழுந்து அடிபட்டபின் எழும் கடுவலி ஆகியனவும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. எலும்பைப் பற்றும் காசநோயும் முதுகு வலியாகத் தோன்றுவதுண்டு. மேரு வட்டாரத்தினர் மேரு சுகாதார மருந்தகத்தை நாடலாம். அவசர நிலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குச் செல்லலாம்.

தொழிலாளரின் உரிமை

வேலை நேரத்தில் வழுக்கி விழுந்தோ, சுமை தூக்கியோ முதுகில் காயம் ஏற்பட்டால், அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்யச் சொல்லுக. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவிற்கு அறிவித்தல் வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருப்பின், கணக்கிடப்படும் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு 80 பங்கு தற்காலிக இயலாமை உதவியாகக் கிடைக்கும். மருத்துவச் சான்றிதழைப் பத்திரப்படுத்துக. 'சிறிய பிடிப்புதானே' என்று வாளாவிருந்து, மாதங்கள் சென்றபின் மெய்ப்பிக்க இயலாமல் தவிப்போர் உண்டு.

மேரு உள்ளிட்ட கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் நிலங்கள் பல செம்பனையாகவும் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. வேலை மாறினும் சுமக்கும் முதுகு ஒன்றே. வலி வந்தால் அஞ்சாது நடமாடுவோம். அபாய அறிகுறி கண்டால் தாமதியாது மருத்துவரை நாடுவோம். காயமெனில் அன்றே பதிவு செய்வோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய இயலும். உழைப்பவரின் சுவர் அவருடைய உடலே.