பெயர் என்ன? ஊர் என்ன? எப்போது வந்தீர்கள்?

இடுக்கி மாவட்டத்தில் வண்டிப்பெரியாறு என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து காட்டு வழியில் சுமார் 28 கிலோமீட்டர் போனால் கவி என்ற இடம் வரும். கவி பத்தனம்திட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே ஏலத் தோட்டம் உண்டு. அது கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் தோட்டம். 1970களில் அங்கே பல தமிழ்க் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. அவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள்.

கொல்லம் மாவட்டம் புனலூரிலும் இப்படி ஓர் ஏற்பாடு நடந்தது. 1976இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து ஒரு ரப்பர் தோட்டக் கம்பெனியைத் தொடங்கின. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதே அதன் நோக்கம்.

இவர்கள் ஏன் வந்தார்கள்? எப்படி வந்தார்கள்?

கடல் கடந்த கதை

வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டு ஏழைகள் பலர் இலங்கைக்குப் போனார்கள். அங்கே காப்பித் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்தார்கள். லயத்தில் குடியிருந்தார்கள். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கேயே பிறந்தார்கள்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு அங்கே குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாதவர் ஆனார்கள். உழைத்த நாடு அவர்களைத் தன் மக்கள் என்று சொல்லவில்லை. இந்தியாவின் குடியுரிமையும் அவர்கள் கையில் இல்லை.

1964 அக்டோபர் 30ஆம் தேதி இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவின் சார்பில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கையெழுத்திட்டார். இலங்கையின் சார்பில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கையெழுத்திட்டார். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 பேருக்கு இந்தியா குடியுரிமை தரும். 3,00,000 பேருக்கு இலங்கை தரும். மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் மனுப் போட்டார்கள். கண்டியில் இருந்த இந்திய அரசின் அலுவலகம் இந்த வேலையைப் பார்த்தது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், பிள்ளைகள் விவரம் எல்லாம் எழுதப்பட்டன. குடியுரிமை கிடைத்தவர்களுக்கு இந்திய பாஸ்போர்ட் கொடுத்தார்கள். குடும்ப அட்டையும் கொடுத்தார்கள். அவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் வந்தார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். பிறகு வேலை கிடைத்த இடங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதிகாரி எழுதியதைச் சரிபார்க்க முடியவில்லை. எழுதியவர் எழுதியதே பெயர் ஆயிற்று. ஓர் எழுத்துப் பிழை பேரன் காலம் வரை தொடர்ந்து வரும்.

1984இல் அந்தக் கப்பல் நின்றது. 1983 கலவரத்துக்குப் பிறகு பலர் படகில் ஏறி அகதிகளாக வந்தார்கள். அவர்களில் மலையகத் தமிழரும் உண்டு. அவசரத்தில் ஓடி வந்த பலரிடம் உரிய தாள்கள் இல்லை.

இரண்டு எல்லைகள்

வாளையாறு தாண்டினால் பாலக்காடு மாவட்டம். போடிமெட்டு தாண்டினால் இடுக்கி மாவட்டம். இவை மாநில எல்லைகள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது இந்தப் பகுதிகள் கேரளத்தில் சேர்ந்தன.

மாநில எல்லையைத் தாண்டினால் குடியுரிமை மாறாது. இந்தியாவில் ஒரே குடியுரிமைதான் உண்டு. தேனியில் பிறந்தவர் மூணாறில் வேலை செய்தாலும் அவர் இந்தியக் குடிமகன்தான். அவருக்குக் குடியுரிமை விசாரணை தேவையில்லை. எங்கே குடியிருக்கிறார் என்று காட்ட வசிப்பிடச் சான்று போதும். அதை வில்லேஜ் ஆபீசர் தருவார். அட்சயா மையத்தில் அதற்கு மனுச் செய்யலாம்.

கடல் எல்லை வேறு. அது நாட்டு எல்லை.

யாருக்கு மனுத் தேவை?

ஒப்பந்தப்படி பதிவாகி இந்திய பாஸ்போர்ட்டுடன் வந்தவர்கள் ஏற்கெனவே குடிமக்கள்தான். அவர்கள் மறுபடியும் மனுப் போட வேண்டாம். பழைய தாள்களைப் பத்திரமாக வைத்தால் போதும்.

பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிதான் முக்கியம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர் இந்தியக் குடிமக்கள். பெற்றோர் எந்த நாட்டவர் என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாயோ தகப்பனோ இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்குச் சட்டம் இன்னும் கடுமை. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இல்லாமல் இருக்க வேண்டும்.

ஒரு வழக்கைப் பாருங்கள். இலங்கை அகதிப் பெற்றோருக்கு 1986இல் மண்டபம் முகாமில் ஒரு பெண் பிறந்தார். அவர் பாஸ்போர்ட் கேட்டார். கிடைக்கவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். ஒரு தாள் அவருக்குத் துணை நின்றது.

போகும் முன்

குடியுரிமை மனுவை இப்போது இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறகு தாள்களுடன் மாவட்ட கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இடுக்கி கலெக்டர் அலுவலகம் பைனாவில் இருக்கிறது. பாலக்காட்டில் சிவில் ஸ்டேஷனில் இருக்கிறது. கலெக்டர் விசாரித்து மாநில அரசுக்கு அனுப்புவார். மாநில அரசு மத்திய அரசுக்கு அனுப்பும். முடிவு சொல்வது மத்திய அரசு.

புறப்படும் முன் எல்லாத் தாள்களையும் எடுத்து வைக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தோட்டத்தில் வேலை பார்த்ததற்கான தாள் ஆகியவை உதவும். ஆதார் அட்டை இங்கே வசிப்பதைக் காட்ட உதவும். ஆனால் அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

ஒவ்வொரு தாளையும் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். ஒரு தாளில் கருப்பாயி, இன்னொரு தாளில் கறுப்பாய் என்று இருக்கிறதா? அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று வக்கீல் மூலம் பிரமாணப் பத்திரம் எழுதலாம். தாளில் தானாகத் திருத்தக் கூடாது. திருத்திய தாள் சந்தேகத்தைக் கிளப்பும்.

அதிகாரியின் முன்

இது இப்படி நடக்கலாம்:

“பெரியவரே, நீங்க எந்த வருஷம் வந்தீங்க?”

“வருஷம் சரியா ஞாபகம் இல்லீங்க ஐயா. பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்குதுங்க. பாருங்க.”

“இதுல அப்பா பேரு வேற மாதிரி இருக்கே?”

“கண்டியில எழுதினப்ப ஒரு எழுத்து மாறிப்போச்சுங்க. அதுக்குப் பிரமாணப் பத்திரம் கொண்டாந்திருக்கேன்.”

“சரி, இங்க கையெழுத்துப் போடுங்க.”

“படிச்சுப் பார்த்துட்டுப் போடுறேனுங்க.”

இந்தப் பெரியவர் மூன்று நல்ல காரியம் செய்தார். தெரியாததைத் தெரியாது என்றார். தாளைக் காட்டிப் பதில் சொன்னார். படித்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

பொய் சொல்லக் கூடாது. இடைத்தரகர் சொல்லிக் கொடுத்த பதிலும் வேண்டாம். தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 5 ஆண்டு வரை சிறையோ, 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பொய் சொல்லிப் பெற்ற குடியுரிமையைப் பறிக்கவும் சட்டம் உண்டு.

மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை தந்திருக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் மாநில அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம்.

கொடுத்த தாளுக்கு ரசீது வாங்க வேண்டும். கட்டிய பணத்துக்கும் ரசீது வாங்க வேண்டும. நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். மாதங்கள் போயும் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். பணம் இல்லாதவர் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அதற்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அன்று கண்டியில் அதிகாரி எழுதியதைப் பலரால் படிக்க முடியவில்லை. இன்று அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிக்க முடியும். தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

சொல் அறிவோம்

குடியுரிமை – ஒரு நாட்டின் குடிமக்களுக்கு உள்ள உரிமை
லயம் – தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு
பிரமாணப் பத்திரம் – உண்மை என்று உறுதி சொல்லி எழுதும் தாள்
நகல் – மூலத் தாளைப் போன்ற படி

பயிற்சி

1. மாநில எல்லைக்கும் நாட்டு எல்லைக்கும் என்ன வேறுபாடு?
2. 1986இல் மண்டபத்தில் பிறந்த பெண்ணுக்கு எந்தத் தாள் உதவியது? ஏன்?
3. வீட்டில் உள்ள தாள்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரைப் படியுங்கள். எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவா?
4. உங்கள் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பிறந்த ஊர் ஆகியவற்றை நோட்டில் எழுதி வையுங்கள்.