வலி என்னும் காவல்

தீயைத் தொட்ட விரல் நொடியில் பின்வாங்குகிறது. முள் தைத்த கால் அடுத்த அடி வைக்கத் தயங்குகிறது. வலியை எவரும் விரும்புவதில்லை; ஆயினும் உடலைக் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அக்காவல் நீங்கினால் உடலுக்கு என்ன நேரும் என்பதைத் தண்டுவடம் பழுதுற்றோரின் வாழ்வு உணர்த்துகிறது.

முதுகெலும்பின் உள்ளே அமைந்த தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. தோலின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நரம்பு உண்டு. கைப்பெருவிரலின் உணர்வு கழுத்துப் பகுதியின் 6ஆம் நரம்பு வழியாகவும், கொப்பூழைச் சுற்றிய உணர்வு மார்புப் பகுதியின் 10ஆம் நரம்பு வழியாகவும் செல்கின்றன. ஆதலால், உணர்வு மறையும் எல்லையைக் கொண்டே பழுதுற்ற இடத்தை மருத்துவர் கணிக்கின்றனர். ஒரு நரம்பு மட்டும் சிதைந்தால் அதற்குரிய பகுதியே மரத்துப்போகும். தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்டால் அவ்விடத்திற்குக் கீழே உணர்வும் இயக்கமும் அற்றுப்போகும்.

தண்டுவடத்தின் ஒருபாதி மட்டும் பழுதுறுவதும் உண்டு. வலியுணர்வும் வெப்பவுணர்வும் தண்டுவடத்துள் நுழைந்தவுடன் எதிர்ப்பக்கத்திற்கு மாறி மேலேறுகின்றன. நுண்ணிய தொடுவுணர்வோ நுழைந்த பக்கத்திலேயே ஏறி, முகுளத்தில்தான் பக்கம் மாறுகிறது. எனவே, முதுகுப் பகுதியில் வலப்பாதி பழுதுற்றால் வலக்கால் அசையாது. ஆனால், ஊசி குத்தினால் வலிக்கும். இடக்கால் அசையும்; ஆனால், சுடுநீரின் வெம்மையை அறியாது.

நாட்றாம்பாளையம் போன்ற மலையூர்களில் புளியமரம் ஏறுவோருக்கும், ஓசூர் நெடுஞ்சாலையில் விரைவோருக்கும் ஒரு நொடித் தவறு இத்தகைய பழுதை விளைவிக்கலாம். வீழ்ந்தவரை மடக்கித் தூக்குதலும் உட்காரவைத்தலும் கூடா. கழுத்தும் முதுகும் வளையாதவாறு பலகையில் கிடத்தியே கொண்டுசெல்லல் வேண்டும்.

1954இல் நிகழ்ந்த சாலை விபத்து ஒன்றில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அங்கே தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்து வந்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்டு. நரம்பு பழுதுற்று வலியை அறியாமையால் நேரும் காயங்களே தொழுநோயாளரின் விரல்களைச் சிதைக்கின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அக்கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். மருத்துவருக்குக் காலில் உணர்வில்லை. நோயாளருக்குக் கையில் உணர்வில்லை. வலி செய்துவந்த காவலைக் கண்ணும் பழக்கமும் ஏற்க வேண்டும் என்னும் பாடம் இருவருக்கும் பொதுவாயிற்று.

உறக்கத்திலும் நாம் நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம். உணர்விழந்தோர் அவ்வாறு புரள்வதில்லை. அழுத்தம் நீடித்த இடத்தில் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகிறது. ஆகவே, அவர்களை ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிவிடுதல் வேண்டும். நாற்காலியில் இருப்போர் கைகளை ஊன்றி அடிக்கடி உடலை உயர்த்துதலும், கண்ணாடியின் துணையால் நாள்தோறும் தோலை நோக்குதலும், குளிக்கும் நீரின் சூட்டை உணர்வுள்ள கையால் அறிதலும் இன்றியமையாதன.

மேரி பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நாடு திரும்பி வேலூரில் அத்துறையை நிறுவினார். 1966இல் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையமும் அங்கு உருவாயிற்று. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்தம் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. ஆயினும், உணர்விழந்த உடலோடு வாழும் வழியைப் பலர் அவரிடம் கற்றனர்.