இல்லத்து நீர்ச் செலவும் மின்சாரக் கட்டணமும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கத்தில் நீர்ச் சிக்கனம் பேசுவது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆற்றுமணற் பாங்கான பூமியாதலால் ஊற்று எளிதிற் காணுமென்பர். ஊற்று எளிதாயிருத்தல் வேறு. அந்நீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் செலவு வேறு. இதனை மறப்பதாலேயே திருச்சிராப்பள்ளிச் சுற்றுவட்டத்தில் பல வீடுகளில் மின்சாரக் கட்டணம் காரணந் தெரியாமல் உயருகின்றது.

இம்மறதிக்கு வயற்காட்டுப் பழக்கமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் விவசாயிகளின் பாசன மோட்டாருக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்து வருகின்றது. மின்சாரம் வந்ததும் தானே ஓடும்படி மோட்டாரை அமைத்துவிட்டுக் குடியானவர் உறங்கப் போவதுண்டு. வாழைக் கொல்லைக்கு அது நன்றா என்பது தனியே ஆராயத்தக்கது. வீட்டு மோட்டாருக்கோ அச்சலுகை இல்லை.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 1 யூனிட் செலவாகும். தொட்டி நிறைந்து வழிவதைக் கவனியாமல் நாள்தோறும் அரைமணி அதிகமாக ஓடவிட்டால், இரண்டு மாதத்தில் 30 யூனிட் வீண். 30 யூனிட்தானே என்று எண்ணலாகாது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது; கீழ்ப்படி மலிவு, மேற்படி விலை அதிகம். வீணாகும் யூனிட்டுகள் மொத்தக் கணக்கின் உச்சியிற் சேர்வதால், அவ்வீட்டார் கொடுக்கும் மிக உயர்ந்த விகிதமே அவற்றுக்கு விழும். மிச்சம் பிடிப்பதும் அவ்வாறே உச்சியிலிருந்து கழியும்.

மணிக்கு 3000 லிட்டர் இறைக்கும் மோட்டாராயின், அதே அரைமணியில் 1500 லிட்டர் நீர் சாக்கடை சேருகின்றது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என வகுத்தனர். அவ்வளவைப்படி இது 27 பேருடைய பங்காகும்.

ஆகவே முதற்காரியம், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்சு ஒன்றைப் பொருத்துவது. அடுத்தது, கிணற்றுக் குழாயின் அடியிலுள்ள புட்வால்வைப் பார்ப்பது. அது கசிந்தால் குழாய் நீர் இறங்கிப்போய், ஒவ்வொரு முறையும் மோட்டார் வெறிதே சுழலும். நீர் ஏறுமுன்னரே மீட்டர் ஏறும். ஆழமில்லாக் கிணற்றிற்கு அரைக் குதிரைத்திறனே போதியதாயிருக்கலாம். பெரிய மோட்டார் வைத்திருப்பது கௌரவமன்று.

கொள்ளிடப் படுகை தாழ்ந்திருந்ததனால் காவிரி நீர் அப்பக்கம் வடிந்தோடிற்று. அதைத் தடுக்கவே 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டுவித்தார். வரப்பில் நண்டுவளை கண்டால் நாமும் மண்வெட்டியோடு ஓடுகிறோம். வீட்டில் ஒழுகும் குழாயைமட்டும் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறோம். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேற் போகும். சிறிய வாஷர் ஒன்று அதற்குப் பரிகாரம். கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்குத் தெரியாது. இரவில் அதனுள் சில துளி சொட்டுநீலம் விட்டு, யாரும் உபயோகியாதிருக்க, காலையிற் பார்த்தால், கீழ்ப்பீங்கானில் நீலம் இறங்கியிருப்பின் கசிவு நிச்சயம்.

அரிசி களைந்த நீர் கன்றுகாலிகளுக்கு எப்போதும் உரியதே. குளியலறை நீரைக் கருங்கல் ஜல்லியும் மணலும் இட்ட குழி வழியே, கல்வாழை நட்ட பாத்தியிற் பாய்ச்சிப் பின் தென்னைக்கு விடலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கு அதனைப் பாய்ச்சலாகாது.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பொதுக் குழாய்களை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நலம். திருகு இல்லாத குழாயில் ஓடும் நீரும் மின்சாரத்தால் ஏறியதே. அதற்குரிய கட்டணம் ஊராட்சியின் பணத்திலிருந்தே செல்கின்றது. தொட்டி இயக்குபவர் மோட்டாரைப் போடும் நேரத்தையும் நிறுத்தும் நேரத்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரச் செய்து, மின்சாரச் சீட்டோடு ஒப்பிட்டால், எந்தத் தெருவில் முதலிற் பார்க்கவேண்டுமென்பது புலப்படும்.