கடல் கடந்து கற்ற செவிலியம்

நோய் எங்கும் ஒன்றாக இருக்கலாம். நோயாளர் எங்கும் ஒரே வகையினர் அல்லர். உணவும் மொழியும் வழக்கமும் ஊர்தோறும் மாறும். இவற்றை அறியாமல் செய்யும் பணிவிடை முழுமை பெறுமா? இவ்வினாவிற்கு விடை தேடிக் கடல் கடந்தவர் மேடலின் லைனிங்கர் (1925–2012).

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிறந்த லைனிங்கர், செவிலியர் பயிற்சி பெற்றவர். 1950களில் சின்சினாட்டி நகரில் குழந்தைகளின் மனநலம் பேணும் இல்லம் ஒன்றில் பணியாற்றினார். அங்கிருந்த குழந்தைகள் வெவ்வேறு பண்பாடுகளைச் சேர்ந்தவர்கள். பராமரிப்பை அவர்கள் ஏற்றுக்கொண்ட விதமும் வெவ்வேறாக இருந்தது. பண்பாட்டறிவு இன்றிச் செவிலியம் நிறைவுறாது என்பதை அவர் உணர்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்றார்.

1960களின் தொடக்கத்தில், இன்றைய பாப்புவா நியூ கினியின் கிழக்கு மலைப்பகுதிக்குச் சென்று, காட்சுப் மக்களிடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கற்பவராக வாழ்ந்தார். அவர்தம் வாழ்க்கை முறையையும், ஒருவரையொருவர் பேணிக்காக்கும் முறையையும் ஆராய்ந்தார். இத்தகைய ஆய்வுகளால் ‘பண்பாடு கடந்த செவிலியம்’ என்னும் துறை வளர்ந்தது.

நோயாளரின் வழக்கங்களை அணுக அவர் மூன்று வழிகளைக் கூறினார். முதலாவது பேணல்: பிள்ளை பெற்ற தாய் வெந்நீரே வேண்டுமென்றால் அதனையே தரலாம். இரண்டாவது இசைவித்தல்: ஊசி செலுத்த வேண்டிய கையில் காப்புக்கயிறு இருந்தால், நோயாளரின் ஒப்புதலுடன் அதனை மறுகையில் கட்டலாம். மூன்றாவது மாற்றியமைத்தல்: பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் தடவினால் நோய்த்தொற்று ஏற்பட்டு உயிருக்கே கேடு நேரலாம். எனவே, குடும்பத்தாரை இகழாமல் உண்மையை விளக்கி, அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்ய வேண்டும்.

இன்று பல நாடுகளின் செவிலியர் கல்லூரிகள் தம் மாணவர்களைச் சில வாரங்கள் அயல்நாட்டிற்கு அனுப்புகின்றன. மாணவர்கள் உள்ளூர்க் குடும்பங்களுடன் தங்கி, அம்மொழியின் சில சொற்களையேனும் கற்கின்றனர். மொழி அறியாத ஊரில் தாமே அயலாராக நிற்கும்போது, தம் ஊர் மருத்துவமனையில் மொழி தெரியாமல் தவிக்கும் நோயாளரின் துன்பம் அவர்களுக்குப் புரிகிறது.

எனினும், இப்பயணத்தில் இரண்டினைத் தவிர்த்தல் வேண்டும். தம் நாட்டில் மாணவர்க்கு அனுமதியில்லாத சிகிச்சையை ஏழை நாட்டு நோயாளரிடம் செய்து பழகுதல் அறமன்று. சில வாரப் பழக்கத்தைக் கொண்டு ‘இம்மக்கள் இப்படித்தான்’ என முடிவு செய்தலும் தவறு. ஒரே ஊரிலும் ஆளுக்கு ஆள் வழக்கம் வேறுபடும். ஆதலால் ஒவ்வொருவரிடமும் கேட்டறிதலே நல்ல செவிலியரின் கடமை.

சொற்பொருள்
செவிலியம் – நோயாளரைப் பேணும் பணி
மானிடவியல் – மனித இனத்தையும் அதன் பண்பாடுகளையும் ஆராயும் துறை
இசைவித்தல் – பொருந்தச் செய்தல்

பயிற்சி
1. லைனிங்கர் மானிடவியல் பயின்றது ஏன்?
2. மூன்று வழிகளுள் ஒன்றனை வேறோர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. வேற்றுமொழி பேசும் வகுப்புத் தோழர் ஒருவரிடம், அவர் வீட்டில் காய்ச்சல் வந்தவர்க்கு என்ன உணவு தருவர் எனக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.