பழைய ஐபாட் மேசைக்கு வந்தால்...

மொபைல் சர்வீஸ் கடையில் வேலை பழகுபவர்களுக்கு ஐபாட் அரிதாகத்தான் கைக்கு வரும். ஆப்பிள் நிறுவனம் ஐபாட் கிளாசிக்கை 2014-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது என்று யாராவது ஒருவர் கொண்டுவந்து வைப்பார். பேட்டரியை விட்டால் அதில் சாகும் முக்கிய உறுப்பு உள்ளே இருக்கும் 1.8 அங்குல ஹார்டு டிஸ்க்தான். பொறுமையாகச் செய்தால் இது நல்ல பெயர் வாங்கித் தரும் வேலை.

கையில் வாங்கியதும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், உங்களுக்கு ப்ளேயர் ஓடணுமா, உள்ளே இருக்கிற பாட்டு வேணுமா?" இதைக் கேட்காமல் கம்ப்யூட்டரில் செருகி ஐட்யூன்ஸில் 'ரீஸ்டோர்' அழுத்தினால் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். எந்த சிடியிலிருந்து ஏற்றினோம் என்றே மறந்துபோன பாட்டும் இறந்துபோன அப்பாவின் குரல் பதிவும் அதில் இருக்கலாம். பாட்டு வேண்டும் என்றால் வேலையின் வரிசையே மாறிவிடும்.

அடுத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். அதை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பதும் போகும். சத்தம் இல்லை, ஆனால் பாட்டு தாவுகிறது, பாட்டு ஏற்றும்போது உறைகிறது என்றால் சோதனைத் திரைக்குப் போகலாம். மேலே உள்ள ஹோல்டு சுவிட்சைத் திறந்துவிட்டு, மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். ஆப்பிள் சின்னம் வந்தவுடன் விரலை மாற்றி, நடுப் பொத்தானையும் பின்னோக்கிப் போகும் பொத்தானையும் பிடியுங்கள். அங்கே ஹார்டு டிஸ்க் பகுதியில், டிஸ்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவல் கிடைக்கும். 'ரீஅலாக்ஸ்' (கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள்), 'பெண்டிங் செக்டார்ஸ்' (படிக்கத் திணறும் பகுதிகள்) இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால் டிஸ்க் போகிற வழியில் இருக்கிறது. எண்கள் சுத்தமாக இருந்தும் தொல்லை என்றால் ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். கழற்றி அழுத்திப் பொருத்தினாலே சில கருவிகள் ஓடிவிடும். அதற்கு டிஸ்க் விலை வாங்காதீர்கள்.

திறக்கும் இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 2005, 2006-ஆம் ஆண்டு வீடியோ ஐபாடின் முன்பக்கம் பிளாஸ்டிக். மெல்லிய பிளாஸ்டிக் பிக் போதும். 2007 முதல் வந்த கிளாசிக்கின் முகம் உலோகம், கொக்கிகள் இறுக்கம், அவசரப்பட்டால் விளிம்பு வளையும். மூடி பிரிந்ததும் இரண்டு பாதியையும் அகல விரிக்கவே கூடாது. பேட்டரி ரிப்பனும் ஹெட்போன் ரிப்பனும் இரண்டையும் இணைத்திருக்கும். பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் குட்டித் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்கிவிட்டு, ரிப்பனை மெல்ல வெளியே இழுங்கள். தாழ்ப்பாளைத் தூக்காமல் இழுத்தால் கனெக்டரே போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். பிறகு அது சால்டரிங் வேலை. பேட்டரி உப்பியிருந்தால் டிஸ்கையே அழுத்திக்கொண்டிருக்கும். அதை முதலில் எடுங்கள், குத்தாதீர்கள்.

டிஸ்கின் சொந்த மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். தூசி ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. பாட்டை எடுக்க, அந்த டிஸ்குக்குப் பொருந்தும் யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி, டிடிரெஸ்க்யூ மென்பொருளால் முழு டிஸ்கையும் பிம்பமாக நகலெடுங்கள். மோசமான பகுதியைத் தள்ளிவைத்து நல்லதை முதலில் வாரிக்கொள்ளும் மென்பொருள் அது. பாட்டெல்லாம் மறைந்திருக்கும் கோப்புறையில், நாலெழுத்துப் பெயர்களில் கிடக்கும். பதறாதீர்கள்; பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் பெரும்பாலும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

மாற்றாக இன்னொரு பழைய டிஸ்கை வாங்கிப் போடுவது என் பார்வையில் தவறு, அதுவும் வயதானதே. எஸ்டி கார்டு பொருத்தும் அடாப்டர் போடுங்கள். சுழலும் பாகம் இல்லை, எடை குறையும், கீழே விழுந்தாலும் பயமில்லை. 2007, 2008 கிளாசிக்கில் ஆப்பிள் மென்பொருளோடு 128 ஜிபிக்கு மேல் கார்டு போடுவது வீண். போலி கார்டுகள் சந்தையில் உண்டு என்பதால், உள்ளே வைத்து மூடும் முன் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் சோதியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் மறுபடி திறக்கும் வேலை மிச்சம்.

பில்லில் பாட்டு மீட்புக்கும் பழுதுபார்ப்புக்கும் தனித்தனித் தொகை போடுங்கள். பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கழற்றிய பழைய டிஸ்கை ஆன்டி-ஸ்டேட்டிக் கவரில் போட்டு அவரிடமே திருப்பிக் கொடுங்கள். உங்களால் எடுக்க முடியாத பாட்டை, பெரிய மீட்பு ஆய்வகம் ஒன்று நாளை எடுத்துத் தரக்கூடும்.