எல்லாம் 20 பைட்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் நாலந்தாவை நெருங்கும்போது வழிநெடுக வாசனைத் திரவியத் தோட்டங்கள். அந்தப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றின் கணக்கு முழுவதும் ஒரே கணினியில், ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. யார் எத்தனை கிலோ மிளகு கொடுத்தார், யார் முற்பணம் வாங்கினார், யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அதற்குள். மாலையில் இலிகிதர் கடவுச்சொல்லைத் தட்டி ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் போடுவார். அவருக்கு லீவு என்றால் பிரதிக்கும் லீவு.

அதைத் தானாக நடக்கவைக்கும் வேலை இதை எழுதுபவரிடம் வந்தது. இரவு 11 மணிக்குத் தரவை வெளியே எடு, ஜிசிப் கொண்டு சுருக்கு, தேதியிட்டுக் கோப்பாக வை என்று, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரே வரி எழுதினார். பென் டிரைவுக்கு ஓய்வு கிடைத்தது. “தம்பி, பேக்கப் ஒழுங்காப் போகுதுதானே?” என்று முதலாளி இடையிடையே கேட்பார். “போகுது முதலாளி.” கோப்புறையைத் திறந்தால் நாளுக்கொன்றாகக் கோப்புகள் வரிசையில் நின்றன.

ஏழாவது வாரம் ஒரு மின்வெட்டில் கொள்முதல் அட்டவணை பழுதானது. பிரதியைத் திறக்கப் போனபோதுதான் எழுதுபவர் கோப்புகளின் அளவைப் பார்த்தார். எல்லாம் 20 பைட்.

கட்டளையைக் கையால் ஓட்டினால் அது கடவுச்சொல் கேட்கும், ஆள் தட்டுவார். இரவு 11 மணிக்குத் தட்ட ஆளில்லை. தரவுத்தளம் அனுமதி மறுத்துவிட்டது. அடுத்து நின்ற ஜிசிப்போ தன்னிடம் வந்த வெறுமையைப் பக்குவமாகச் சுருக்கி, வேலை முடிந்தது என்றது. ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் வருவது தலைப்புக்கு 10, உள்ளடக்கத்துக்கு 2, சரிபார்ப்புக்கு 8, ஆக 20 பைட். பிழைச் செய்தியைக் கிரான் அதே கணினியின் உள் அஞ்சல் பெட்டியில் இரவுதோறும் போட்டிருந்தது. அப்படியொரு பெட்டி இருப்பதே யாருக்கும் நினைவில்லை. ஏழு வாரக் கொள்முதலைப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப அடிக்க எட்டு நாள் பிடித்தது.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சுமார் 300 ஜிபி தரவு போனது. தினசரிப் பிரதிகள் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, பிரதி எடுத்த கருவியோ 9.2. கருவி தோற்றது, அதைச் சொன்ன மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறொரு தேவைக்காகக் கையால் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது.

களஞ்சியத்தில் இரண்டாம் முறை வேலை கடவுச்சொல்லிலிருந்து தொடங்கியது. அதைக் கட்டளை வரியிலேயே எழுதுவது சுலபம். ஆனால் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணிலும் அது படலாம். ஆகவே தனி அமைப்புக் கோப்பில் வைத்து, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி 600 என்று அனுமதி போட்டார். போஸ்ட்கிரெஸ் இதில் இன்னும் கண்டிப்பு: கடவுச்சொல் கோப்பு மற்றவர்களுக்கும் திறந்திருந்தால் அதைத் தொடவே தொடாது. பிரதி எடுக்கத் தனிப் பயனரையும் உருவாக்கினார். அந்தப் பயனரால் படிக்க முடியும், அழிக்க முடியாது.

பிறகு, தொடர் கட்டளையில் எது தோற்றாலும் முழுவதும் தோற்றதாகக் கொள்ளும் பைப்ஃபெயில் என்ற அமைப்பைச் சேர்த்தார். மைஎஸ்கியூஎல் பிரதி முழுமையாக முடிந்தால் கடைசி வரியில் அதைக் குறித்துவைக்கும். அந்த வரி இருக்கிறதா, கோப்பு நேற்றையதைவிடத் திடீரென்று சிறுத்துவிட்டதா என்று நிரலே பார்க்கிறது. எல்லாம் சரி என்றால் காலையில் முதலாளியின் கைபேசிக்கு ஒரு செய்தி. செய்தி வராத நாளில் அவரே அழைக்கிறார்.

இலிகிதர் ஒரு கேள்வி கேட்டார்: “பிரதி இருக்கிற பழைய பென் டிரைவ் தொலைஞ்சா யாராவது திறந்து பார்க்கலாமா?” பார்க்கலாம். கடவுச்சொல் காப்பது தரவுத்தளத்தை. வெளியே வந்த பிரதி வெறும் எழுத்துக் கோப்பு, சுருக்கத்தை விரித்தால் நோட்பேடில்கூடத் திறக்கும். வாடிக்கையாளர் விவரம் வைத்திருப்பவர்களுக்கு இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. இப்போது பிரதி, ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியின் பொதுச் சாவியால் பூட்டப்படுகிறது. திறக்கும் சாவி அந்தக் கணினியில் இல்லை, முதலாளியின் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

ஒரு பிரதி எப்போதும் இணைப்பில்லாத வட்டில் இருக்கவேண்டும் என்பதற்கு உதாரணம் நாட்டிலேயே உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மேகச் சேவையை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியபோது இணைப்பிலிருந்த பிரதிகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின.

களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே நாலந்தா கெடிகே நிற்கிறது. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது அந்தக் கற்கோயிலைக் கல்கல்லாகப் பிரித்து, தண்ணீர் எட்டாத இடத்தில் திரும்ப எழுப்பினார்கள். பிரித்தவர்களுக்கு, அடுக்கத் தெரியுமா என்ற கேள்வி தப்பியிருக்காது.

எழுதுபவர் அந்தக் கேள்வியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மடிக்கணினி ஒன்றில் போட்டுப் பார்த்தார். பிரதி திறந்தது, அட்டவணைகள் எல்லாம் வந்தன. ஆனால் தரகுக் கணக்குப் போடும் நிரல்துண்டு இல்லை. தரவுத்தளத்துக்குள் சேமித்த அத்தகைய துண்டுகளைத் தனியாகக் கேட்காவிட்டால் மைஎஸ்கியூஎல்லின் கருவி எடுத்துத் தராது. கட்டளையில் ஒரு சொல் சேர்ந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு இலிகிதரே, சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்து, அந்த மடிக்கணினியில் பிரதியைத் திறக்கிறார். போன மாதம் தாளின் நான்காவது வரி புரியவில்லை என்று பேனாவால் திருத்தியிருந்தார்.